மக்கி எடுத்த காணியில் பழத்தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எந்த ஊருக்குள் போனாலும் மக்கி (வீதி போட அள்ளும் உடைசல் சுண்ணாம்புக்கல்) எடுத்துவிட்டு அப்படியே கைவிட்ட காணி ஒன்றாவது கண்ணில் படும். எருக்கலையும் நாயுண்ணியும் மூடி, ஓரத்தில் யாரோ கொட்டிய குப்பையோடு கிடக்கும். ஏழாலையில் எங்கள் பெரியம்மாவின் ஆறு பரப்புக் காணியும் அப்படித்தான் கிடந்தது. எண்பதுகளில் வீதி போட உழவு இயந்திரங்களில் மக்கி அள்ளிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. இப்போது அதில் மாவும் மாதுளையும் நிற்கின்றன. விடுமுறைக்கு வருகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களிடமும் அப்படி ஒரு காணி இருக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மண்ணே இல்லாத காணியில் மரம் வருமா?

வரும். யாழ்ப்பாணத்தின் செம்பாட்டுத் தோட்டங்களில் பலவும் நம் முன்னோர் அலவாங்கால் கல்லைக் கிளப்பி, பொறுக்கி, வேலியோரம் அடுக்கி உண்டாக்கியவைதான். பழைய தோட்டங்களின் எல்லையில் நிற்கும் கல்மதில்களைப் பாருங்கள்; அந்தக் கல்லெல்லாம் அந்தத் தோட்டத்துக்குள்ளிருந்து வந்தது. நாங்கள் தொடங்கும் நிலைமை அவர்களுடையதைவிட ஒரு படி மோசம், அவ்வளவுதான். அவர்களுக்குக் கல்லின் மேல் கொஞ்சம் மண் இருந்தது. மக்கி எடுத்தவர்கள் நமக்கு அதையும் விட்டு வைக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் காணிக்கு மட்டும். வன்னியில் கிரவல் என்று சொல்வது செந்நிறச் சரளை மண். அதன் குணம் வேறு, அதற்கான வேலையும் வேறு.

என் காணி எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு அலவாங்கும் இரண்டு வாளி தண்ணீரும் போதும். பத்தடிக்கு ஒரு இடமாக அலவாங்கைக் குத்திப் பாருங்கள். "ணங்" என்று கையை உதறவைத்தால் அது முழுக்கல். "சொத்" என்று இறங்கினால் கீழே பிளவோ பொடி மக்கியோ இருக்கிறது. வேர் அங்கே போகும். அந்த இடங்களில் தடி நட்டு அடையாளம் வையுங்கள். கயிறு பிடித்து நேர்வரிசையில் நடும் ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும். எங்கள் காணியில் மரங்கள் கோணல்மாணலாகத்தான் நிற்கின்றன. கல் விட்ட இடத்தில் மரம்.

பிறகு அந்த இடத்தில் ஒரு முழம் தோண்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே உள்ளே போய்விட்டால் கீழே பொந்து இருக்கிறது. கோடையில் தண்ணீர் நிற்காது. மறுநாளும் தேங்கி நின்றால் மாரியில் வேர் அழுகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடம்தான் மரத்துக்கு நல்லது.

குழியை மண் போட்டு நிரப்பிவிட்டு நட்டால் வேலை சுலபம்தானே?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. அதை மூன்றடிக்கு நிரப்ப 8,000 கன அடிக்கு மேல், அதாவது 80 கியூப்புக்கு மேல் மண் வேண்டும். ஆறு பரப்புக்கு? அந்த மண் வேறு யாரோ ஒருவரின் தோட்டத்திலிருந்துதான் வர வேண்டும். செம்பாட்டு மண்ணை அள்ளி விற்ற காணி அதன் பிறகு இன்னொரு மக்கிக் காணி. போதாததற்கு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் ஏற்றி இறக்குவது சட்டப்படி குற்றம்.

குப்பை போட்டு நிரப்பவே வேண்டாம். கட்டட இடிபாடு, பொலித்தீன், கோழிக்கடைக் கழிவு எல்லாவற்றுக்கும் கல்லுக்குழிதான் தோதான இடம் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். நம் சுண்ணாம்புக்கல் முழுக்கப் பிளவும் பொந்தும். குழிக்குள் போட்டது அடுத்த மாரிக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இருக்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து எத்தனை குடும்பங்கள் குடிதண்ணீருக்கு அலைந்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

அப்போ மண்ணுக்கு என்ன செய்வது?

மண்ணை அங்கேயே உண்டாக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் ஆறுதலாக வாசிக்க முடியும் என்றால், இதை வாசியுங்கள்.

முதல் வருடம் நான் பதினான்கு ஒட்டு மாங்கன்றுகளை வாங்கி, சின்னக் குழி தோண்டி, கொஞ்சம் எருவோடு நட்டேன். அடுத்த ஆவணிக்குள் பதினொன்று பட்டுப்போயின. பட்டதைப் பிடுங்கினால் வேர் பை மண்ணைத் தாண்டவே இல்லை. சுருண்டு, வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, கல்லுக்கு முதலில் சாப்பாடு போடும், பிறகு மரத்துக்குப் போடலாம்" என்றார். பச்சை இலைகுழையைத் தரையில் போட்டு மக்கவிடும் குழை தாழ்ப்பைத்தான் சொன்னார்.

குழை தாழ்ப்பது யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குப் புதிய வேலை இல்லை. பூவரசு, சீமைக்கிளுவை, வாதநாராயணி, இப்பில்இப்பில், எது வேலியில் நிற்கிறதோ அதை வெட்டிப் போடுங்கள். நாங்கள் மாரிக்கு முன் குழை பரப்பி, அதன் மேல் ஆட்டெரு தூவி, பழைய கிடுகையும் காய்ந்த பனையோலையையும் போட்டு மூடினோம். மழை விழுந்ததும் கறையான் வந்தது. பயப்பட வேண்டாம், ஓலையை மண்ணாக்கும் கூலியாள் அதுதான். கன்றின் தண்டை மட்டும் ஒரு சாண் விட்டு மூடினால் போதும். மக்கிப்பொடியை அரிதட்டில் அரித்து, கல்லைத் தனியாகவும் பொடியைக் குழையோடும் சேர்த்தோம். மழை பிடித்த கையோடு சணல் விதைத்து, பூக்கும் தறுவாயில் வெட்டி அப்படியே படுக்கவிட்டோம்.

இரண்டாம் மாரி முடிந்து தை மாதத்தில் ஓலையைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் நான்கு விரற்கடை அளவுக்குக் கறுத்த மண். கையில் எடுத்தால் உதிர்ந்தது, மழை பெய்த வாசம். அதற்குள் ஒரு மண்புழு. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைக்காமலே நின்றார்.

சுருக்கமாகச் சொன்னால், மரம் நடுவதற்கு முன் குறைந்தது இரண்டு மாரி. மூன்றென்றால் இன்னும் நல்லது. இடையில் கை சும்மா இருக்க வேண்டாம். முருங்கை, பப்பாசி, ஆமணக்கு எல்லாம் போடலாம்.

மரத்துக்குக் குழி எவ்வளவு ஆழம்?

மாவுக்கு மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. 27 கன அடி. அரித்த பொடி பாதி, மக்கிய குழையும் எருவும் பாதி என்று கலந்தால் வெளி மண் தேவைப்படாது. கையால் தோண்ட முடியாத இடத்தில் பெக்கோ (தோண்டும் இயந்திரம்) பிடிக்கலாம். ஒரே நாளில் எல்லாக் குழியையும் எடுத்துவிடுங்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடும்.

அமெரிக்காவில் புளோரிடாவின் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியிலும் நம்மைப் போலவே சுண்ணாம்புக்கல் தரைதான். அங்கே தனிக்குழி எடுப்பதில்லை. கல்லில் குறுக்கும் நெடுக்கும் அகழி வெட்டி, இரண்டு அகழி சந்திக்கும் இடத்தில் மாமரத்தை நடுகிறார்கள். வேர் நான்கு பக்கமும் ஓட வழி கிடைக்கிறது, காற்றுக்கும் மரம் சரியாது. புயல் வரும் ஊர் என்பதால் அவர்களுக்கு அது பெரிய விடயம். நமக்கும் கார்த்திகை மாதம் தெரியும்தானே. நாங்கள் நான்கு மரத்துக்கு இப்படிச் செய்து பார்த்தோம். வித்தியாசம் தெரிகிறது.

என்ன மரங்கள் வைக்கலாம்?

கறுத்தக்கொழும்பான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. சுண்ணாம்பு மண்ணுக்குப் பழகிய நம் ஊர் மரம், அதன் பழத்தைச் சாப்பிடுவதற்கென்றே ஆள் வரும். கூடவே அம்பலவி, வெள்ளைக்கொழும்பான், செம்பாட்டான் ஒவ்வொன்று வையுங்கள். வருகிறவர்களுக்கு நான்கையும் வெட்டி வைத்து ருசி பார்க்கச் சொன்னால் அரை மணித்தியாலம் வாதம் நடக்கும். மா இடைவெளி முப்பதடி, அதாவது பரப்புக்கு மூன்று மரம்.

கல்லைத் தாங்கும் மற்ற மரங்கள்: மாதுளை, அன்னமுன்னா (சீத்தா வகை), இலந்தை, நெல்லி, விளாத்தி, புளி, சப்போட்டா. இவற்றில் அன்னமுன்னாவை யாரும் மதிப்பதில்லை. கைவிட்ட வளவுகளில் தானாக முளைத்து, கல்லுக்குள் நின்று காய்க்கிற மரம். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் அதை மரத்திலிருந்தே பறித்துத் தின்னும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். டிராகன் பழத்துக்கு மேல்வேர் என்பதால் ஆழ மண் தேவையில்லை. பத்தடி இடைவெளியில் கொங்கிறீற்றுத் தூண் நட்டால் பரப்புக்கு 27 தூண் வரும், இரண்டு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கும். தேசியும் (எலுமிச்சை) கொய்யாவும் வரும், ஆனால் சத்துக் குறைபாட்டைக் கவனிக்க வேண்டும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

முந்திரிகை (திராட்சை) நம் ஊரின் பெருமை. ஆனாலும் விருந்தினர் நடமாடும் தோட்டத்தில் நான் அதை வைக்கவில்லை. அதற்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மருந்தடித்த குலைக்குக் கீழே குழந்தை கை நீட்டும். றம்புட்டான், மங்குஸ்தான் கேட்காதீர்கள். அவை ஈரவலயத்து மரங்கள்.

நிற்கிற பனைகளைத் தொட வேண்டாம். பனையும் பலாவும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாதவை. தவிர, தோட்டத்தில் உங்களுக்கு முதலில் காசு தரப்போவது பனைதான்.

இளம் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. என்ன நோய்?

நோய் இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது, வேருக்குக் கிடைக்காது. யூரியா போட்டால் தீராது. லீற்றருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேற் கரைத்து, கொஞ்சம் தேசிப்புளி சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இது தற்காலிகம். குழை தாழ்க்கத் தாழ்க்கத்தான் உண்மையான தீர்வு வரும். சாம்பலை இந்தக் காணியில் கொட்ட வேண்டாம், காரம் இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கிளையோடு போய்க் கேளுங்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது?

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். நம்மிடம் இருப்பது கல்லுக்குள் தங்கும் மழைநீர். அது அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. மேலே இருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருந்து உப்பு ஏறும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. உவர்ப்பை மா தாங்காது. மாதுளையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும்.

அதனால் பழத்தோட்டம் என்றால் பெரிய மோட்டர் என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை நமக்குக் கிடைக்கிறது. ஒரு பரப்பின் மேல் அது 3 இலட்சம் லீற்றர். பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதை ஓடவிடாமல் நிறுத்துவதுதான் வேலை. மக்கி எடுத்த காணி பள்ளமாக இருப்பது இங்கே உங்களுக்கு வாய்ப்பு. சரிவுக்குக் குறுக்கே பொறுக்கிய கல்லால் முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டுங்கள். வண்டல் அதற்குப் பின்னால் தங்கும், தண்ணீர் மெதுவாக இறங்கும். கன்றுகளுக்குக் கோடையில் சொட்டு நீர் போதும். நாங்கள் நான்கு நாளைக்கு ஒருமுறை கன்றுக்கு 15 லீற்றர் கொடுத்தோம், மேலே ஓலை மூடாக்கு. மூடாக்கு இல்லாத கன்று அதே தண்ணீரில் வாடியது.

இரசாயனப் பசளையையும் யோசித்துப் போடுங்கள். அளவுக்கு மிஞ்சிய நைத்திரேற்று நம் கிணறுகளில் ஏற்கனவே பெரிய பிரச்சினை. உங்கள் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் வடிகட்ட மண் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

என் குழி இருபதடி ஆழம், கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. அதை என்ன செய்ய?

கோடையில் நிற்கிறது என்றால் நிலத்தடி நீர் வெளியே தெரிகிறது என்று பொருள். அது குளம் மாதிரி இருந்தாலும் உண்மையில் ஊர்க் கிணறு. மாடு இறக்காதீர்கள், மீனுக்குத் தீவனம் கொட்டாதீர்கள், சுற்றிவர பதினைந்து இருபதடிக்கு எருவோ பசளையோ வேண்டாம். இடுப்புயர வேலி கட்டாயம். பிள்ளைகள் விழுந்து போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

தண்ணீர் நிற்காத ஆழக்குழி என்றால் வேறு கதை. கனடாவில் வன்கூவர் தீவில் ரொபர்ட் புட்சார்ட் என்பவரின் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த குழியை, அவருடைய மனைவி ஜெனி புட்சார்ட் பூந்தோட்டமாக மாற்றினார். குதிரை வண்டிகளில் மண் கொண்டுவந்து வருடக்கணக்கில் செய்த வேலை, 1921இல் முடிந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போகிறார்கள். நம் சொந்தக்காரர் பலர் அங்கே நின்று எடுத்த படம் அனுப்பியிருக்கிறார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றதன் பிறகு கீரிமலைப் பக்கம் கிடக்கும் குழிகளை நினைக்காமல் அந்தப் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. குழியின் சுவரில் கொடி ஏற்றலாம், அடியில் காற்றுப் படாததால் வாழை நன்றாக நிற்கும்.

காணி உறுதி, அனுமதி விடயங்கள்?

முதலில் பங்கு பிரிந்த காணியா என்று பாருங்கள். பிரியாத காணியில் பத்து வருட மரம் நட்டுவிட்டுப் பிறகு பங்காளியோடு வழக்காட வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்கை வெளியாளுக்கு விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கேட்டு எழுத்தில் வையுங்கள்.

வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுபட்ட காணி என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யாமல் அலவாங்கைக் கையில் எடுக்க வேண்டாம். தெரியாத பொருள் எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் 119க்குச் சொல்லுங்கள்.

கட்டடம் போடுவதற்குப் பிரதேச சபை. ஆட்களைத் தங்கவைப்பதாக இருந்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு.

யார் வருவார்கள்? எப்போது?

ஆடி, ஆவணியில் புலம்பெயர்ந்த குடும்பங்கள். அங்கே பள்ளி விடுமுறை, இங்கே நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நேரம் கறுத்தக்கொழும்பானின் கடைசிப் பழங்களும் மரத்தில் இருக்கும். நீண்ட விடுமுறைகளில் நயினாதீவுக்கு வரும் தெற்கு மக்கள். வார இறுதியில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள். பலாலியில் 2019இல் சர்வதேச விமானச் சேவை தொடங்கியபின் சென்னையிலிருந்தும் சிலர் வருகிறார்கள். வருடம் முழுக்கக் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் எடுக்காதீர்கள்.

வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது?

ஊஞ்சலும் செயற்கை நீரூற்றும் வேண்டாம். அவை எல்லா ஊரிலும் இருக்கின்றன. காலையில் பனையிலிருந்து இறக்கிய கருப்பநீர், வைகாசியில் நுங்கு, தை மாதத்தில் கிழங்கு கிண்டுவது. பாத்தியை வெட்டிப் பனங்கிழங்கை இழுக்கக் கொடுத்தால் பெரியவர்களும் சின்னப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். மத்தியானம் ஒடியற்கூழ், பலாவிலையைக் கோலிக் குடிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மூலையை, பத்தடிக்குப் பத்தடி, தொடாமல் அப்படியே விட்டிருக்கிறோம். வெள்ளைக் கல், எருக்கலை, அவ்வளவுதான். பக்கத்தில் ஓலையைத் தூக்கினால் கறுத்த மண். ஆட்கள் மாமரத்தைவிட அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். ஒரு முறை சுவிசிலிருந்து வந்த ஒரு அம்மா அந்த வெள்ளைக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக்குப் போன பாதையும் இப்படித்தான் இருந்தது என்றார்.

மலசலகூடம் எங்கே வைப்பது?

நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிற கேள்வி, அதனால் நானே எழுதுகிறேன். பள்ளத்துக்குள் வைக்க வேண்டாம். அடி திறந்த குழி வேண்டவே வேண்டாம். அது நேரே நிலத்தடி நீருக்குப் போகும். எல்லாப் பக்கமும் பூசி அடைத்த தொட்டி கட்டி, நிறைந்ததும் பவுசர் பிடித்து அள்ளுங்கள். செலவுதான். நாளுக்கு ஐம்பது பேர் வரும் இடத்தில் இதில் சிக்கனம் பார்த்தால், அயல் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஆளை வைத்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சம்பளத்துக்கு மட்டும் ஒருவரை வைத்தால் இரண்டாம் கோடையில் மரம் காயும். காணியோடு வாழ்கிற குடும்பத்துக்கு விளைச்சலில் பங்கு கொடுங்கள். முதல் ஐந்தாறு வருடம் மாவில் வருமானம் எதிர்பார்க்காதீர்கள். ஒட்டு மா காய்ப்பதற்கே மூன்று நான்கு வருடம், அதற்கு முன் மண்ணுக்கு இரண்டு மாரி. அதுவரை பப்பாசியும் முருங்கையும் கைச்செலவைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, எந்த மாதத்தில் தொடங்குவது?

ஆவணியில் பற்றையை வெட்டுங்கள். எரிக்க வேண்டாம், அதுவும் குழைதான். கல்லைக் கிளப்பும்போது சப்பாத்துப் போடுங்கள், அடியில் பாம்பு இருக்கும். புரட்டாதிக்குள் கல்வரம்பு முடிந்துவிட வேண்டும். முதல் மழைக்கு முன்னால் குழையும் எருவும் ஓலையும் தரையில் இருக்கட்டும். ஐப்பசியில் மழை விழுந்ததும் காணிக்குப் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று குடையோடு நின்று பாருங்கள். அடுத்த வருடம் வரம்பை எங்கே உயர்த்த வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.